புளித்துக்கொண்டிருக்கும் வீடு

மார்ச் 4

அண்ணி,

போனை எடுக்க மாட்டேன், அவசரம் என்றால் எழுதுங்கள் என்று முகவரிச் சீட்டை மாவு டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவசரம்தான். எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பிய மறுநாளே அண்ணன் எனக்குப் போன் செய்தார். "உங்க அண்ணி கோவிச்சுக்கிட்டு போயிட்டா. ரெண்டு நாள்ல வந்துருவா. அதுவரைக்கும் வந்து வீட்டைப் பாத்துக்கோ" என்றார். பல் செட் செய்யும் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, ஒரு பையோடு வந்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் ஒரு ரொட்டிக்காக வீட்டை விட்டுப் போவாரா? என்ன நடந்தது என்று கேட்டால் அண்ணன், "ஒண்ணுமில்ல, ஒரு கடை ரொட்டி" என்பார். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க வைக்க என்னால் முடியவில்லை.

அடுத்தது உங்கள் சமையலறை. ஜன்னலோரத்து ஜாடியில் இருப்பது பொங்கி வழிந்து சுவரில் இறங்குகிறது. துடைத்தால் சாயங்காலம் மறுபடி வழிகிறது. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மேஜைக்கு அடியில் இருக்கிற பாட்டில்கள் குமிழி விடுகின்றன. ஒன்றைத் திறந்தேன், முகத்தில் அடித்தது. பரணில் சோப்புக் கட்டிகள், கொடியில் எப்போதோ காயப்போட்ட நூடுல்ஸ். இந்த வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒன்று புளித்துக்கொண்டோ காய்ந்துகொண்டோ இருக்கிறது. நான் வெந்நீர் வைக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். என் சாப்பாடெல்லாம் தெருமுனைக் கடையில்.

அண்ணன் வெளிச் சாப்பாடு தொட மாட்டேன் என்கிறார். "என் வயித்துக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, நான் அவித்துக் கொடுக்கும் முட்டையையும் பழத்தையும் தின்று தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறார். முகம் வற்றிவிட்டது.

உடனே வாருங்கள். வர முடியாவிட்டால் அந்த ஜாடியை எப்படி நிறுத்துவது என்றாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

பல்லுக்காரிக்கு,

ஜாடியில் இருப்பது தாய்மாவு, ரொட்டியைப் புளிக்கவைப்பது. அதை நிறுத்த முடியாது. தினமும் பாதியை எடுத்துக் கொட்டு. மீதிக்கு மாவும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கி, மூடியைத் தளர்வாக வை. ஒரு நாள் மறந்தால் கோபித்துக்கொள்ளும், ஒரு வாரம் மறந்தால் செத்துவிடும். செத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரொட்டிக்கு: பொங்கி நிற்கும் தாய்மாவு ஒரு கிண்ணம், மாவு மூன்று கிண்ணம், உப்பு, தண்ணீர். கையில் ஒட்டாமல் வரும்வரை பிசை. இரட்டிப்பாகும்வரை விடு. தட்டி உருட்டி மறுபடி விடு. அடுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே வை. அடியில் தட்டினால் பானையைத் தட்டிய மாதிரி சத்தம் வர வேண்டும்.

பாட்டில்களில் பழத்தோல் வினிகர். தினம் ஒரு முறை மூடியைத் திருகி மூச்சு விட வை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். சோப்புக் கட்டிகளை அவ்வப்போது புரட்டிப் போடு. வெறுங்கையால் தொடாதே, இன்னும் சோடாக் காரம் இறங்கவில்லை. நூடுல்ஸைத் தூக்கிப் போட்டுவிடு.

நான் வரவில்லை. இங்கே வேலை கிடைத்திருக்கிறது. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் ஒரு அக்காவோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தினமும் முட்டையே கொடுக்காதே, அவருக்குச் சேராது. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியதை அடித்துவிட மனமில்லை, விடு.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் ரொட்டி செய்தேன். தட்டினால் பானைச் சத்தம் வரவில்லை, செங்கல் சத்தம் வந்தது. அண்ணன் ஒரு வாய் கடித்து, வெகுநேரம் மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினார். "பரவால்ல. ஆனா அண்ணி செய்ற மாதிரி இல்ல" என்றார். மூன்றாவது தடவை கொஞ்சம் எழும்பியது. அதற்கும் அதே வசனம்தான்.

எனக்கு நின்று வேலை செய்து பழக்கம்தான். மெழுகில் ஈறு வடித்துப் பல்லைப் பதிக்கும்போது நாள் முழுக்கக் குனிந்தே இருப்பேன். ஆனால் அந்தப் பல் செட் முடிந்தால் முடிந்தது. பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவோம். இங்கே எதுவும் முடிவதில்லை. ரொட்டி ஆறுவதற்குள் அடுத்ததற்கு மாவு ஊற வேண்டும். தயிரைக் கட்டினால் வடியும் தண்ணீர் வீணாகக் கூடாதாம், அதில் சூப் வைப்பீர்களாம். அண்ணன் சொன்னார். உட்கார்ந்தால் ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் நிஜமாகவே மறந்திருப்பேன்.

நேற்று அண்ணனிடம் பாலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பார்த்துக்கொண்டே நின்றார். பொங்கியதையும் பார்த்தார். "பொங்குது பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

நீங்கள் இதற்கெல்லாம் கோபப்பட்டுப் போயிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கடை ரொட்டி விஷயம்தான் புரியவில்லை. சொல்லுங்கள் அண்ணி. அண்ணன் பக்கத்து வக்கீலாகக் கேட்கவில்லை.

நாத்தனார்


மார்ச் 22

பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தை மடித்து வைத்து, திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் உன் அண்ணனின் கடைவீதி நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். அன்று எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரம் இல்லாமலும் இல்லை. காலையில் எழுந்து மாவைத் தொட்டேன். கை உள்ளே போகவில்லை. போக மாட்டேன் என்றது. துணியைப் போட்டு மூடிவிட்டுக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கினேன். வெட்டி, கூடையில் அடுக்கி, எப்போதும் மூடும் அதே துணியால் மூடினேன்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். "இந்த மாதிரி ரொட்டி கடையில கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டார். உன் அண்ணன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டே, "அதெல்லாம் கைப்பக்குவம். எங்க வீட்டுக்குள்ள கடைச் சாமானே நுழையாது" என்றார். நான் சூப் ஊற்றினேன்.

தட்டை உள்ளே கொண்டுவந்து வைத்த ஒருவர் குப்பைக்கூடையில் கடை ரொட்டியின் உறையைப் பார்த்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சிரித்துக்கொண்டேதான் அதை எடுத்து வந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்தார். ரொட்டிக் கூடையைத் தூக்கினார். மிச்சமிருந்த ரொட்டியை அத்தனை பேர் முன்னால் குப்பையில் கொட்டினார். "மன்னிச்சுக்கங்க. எங்க வீட்ல இப்படி நடந்ததே இல்ல" என்றார். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், புரிகிறதா? எனக்காக.

அன்று அவர் வயிறு ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை.

திட்டியிருந்தால் போயிருக்க மாட்டேன். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இத்தனை வருஷம் விடியலில் எழுந்து பிசைந்ததை அவர் நாக்கு அறியவில்லை என்றால், நான் யாருக்குப் பிசைந்தேன்?

இப்போது என் வேலை என்ன தெரியுமா? ரொட்டித் தொழிற்சாலை. சிரித்துக்கொள். தலைக்கு வலை மாட்டி, ஓடும் பட்டையின் ஓரத்தில் நிற்கிறேன். கோணலாக வரும் ரொட்டியை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். மாவைத் தொடுவதில்லை. ஷிஃப்ட் முடிந்தால் வலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். ரொட்டி என் பின்னால் வருவதில்லை.

ஆனால் நிம்மதி என்று சொல்ல மாட்டேன். விடியலில் தன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. செய்ய ஒன்றும் இல்லை. இஸ்திரி அக்கா தூங்குவாள். தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். விடுமுறை நாளில் ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புகிறேன். "உனக்கு உள்ளங்கால்ல சக்கரமா?" என்று அக்கா கேட்கிறாள்.

நீ உன் வேலைக்குத் திரும்பிப் போ. அவரிடம் சொல்லிவிட்டுப் போ.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

படித்தேன். உடனே பதில் எழுத வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார். நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு ரொட்டி போட்டு, தயிர்த்தண்ணீர் சூப் வைத்து, ஜாம் கிளறினேன். ஜாம் பாகு தவறிக் கல்லாகிவிட்டது, கரண்டியே உள்ளே நின்றுகொண்டது. "எங்க வீட்ல எல்லாம் கையாலதான்" என்று அண்ணன் அவர்களிடம் சொன்னார். நான் அவர் கையைப் பார்த்தேன். அந்தக் கை அப்போது நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பிவிட்டார். பல் இல்லாமல் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம். "இன்னும் எத்தனை நாள் கஞ்சி குடிக்கச் சொல்றது அவங்களை?" என்று கேட்டார். அண்ணனிடம் போகிறேன் என்று சொல்ல வாய் திறக்கிற நேரமெல்லாம் அவர், "நீ வந்தப்புறம்தான் வீடு வீடா இருக்கு" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். நீங்கள் அங்கே நடக்கிறீர்கள், நான் இங்கே.

ஒரு வினிகர் பாட்டில் வெடித்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. சத்தத்தில் அண்ணன் மேஜைக்கடியில் குனிந்து என்னைத் தேடினார். எனக்கு அடி என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 6

அண்ணி,

இன்று காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். நீங்கள் தையல் மிஷின் வைத்திருக்கும் அறையில் என் கட்டில் கிடந்தது. என் மேஜை, என் பாய், என் மெழுகு உருக்கும் விளக்கு, என் அலமாரியிலிருந்த துணிமணி முழுக்க. அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல. உன் வாடகை ரூமைக் காலி பண்ணிட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட பேசியாச்சு. இனிமே அந்தப் பொந்துல தனியா கெடக்க வேணாம்" என்றார்.

சந்தோஷமாகச் சொன்னார் அண்ணி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய் மாவைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் எதற்குப் பிசைகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

என்ன செய்யட்டும்?


ஏப்ரல் 10

பல்லுக்காரி,

உன் கடிதம் வந்ததும் பையைக் கட்டிவிட்டேன். பஸ் நிலையம்வரை போனேன். நான் திரும்பி வந்தால் உனக்கு விடுதலை, அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. நான் உன் இடத்துக்கு வந்து நின்றால் அந்த இடம் அப்படியேதான் இருக்கும். ஆள்தான் மாறும். திரும்பி அறைக்கு வந்து உனக்கு இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி.

உன்னிடம் சொல்லாத ஒன்று. போன வாரம் உன் அண்ணன், என் முகவரியில் விசாரித்துக்கொண்டு, தொழிற்சாலை வாசலுக்கு வந்திருந்தார். ஷிஃப்ட் மாறும் நேரம். பெண்கள் கூட்டமாக வெளியே வர, அவர் ஒவ்வொரு வலைத் தலையாகப் பார்த்துக்கொண்டு குடையோடு நின்றார். என்னைக் கண்டதும், "சரி, கோவம் தீந்துச்சா? கிளம்பு" என்றார்.

"எங்க?"

"வீட்டுக்குத்தான். அங்க எல்லாம் கெட்டுப் போயிட்டிருக்கு. சின்னவ பாவம், அவளுக்கு ஒண்ணும் வரல."

"நான் எப்படி இருக்கேன்னு கேக்கலயே" என்றேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "நீ நல்லாதானே இருக்கே?" என்றார். நான் உள்ளே போய், அன்றைக்கு வராத ஒருத்தியின் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் நாம் இருவரும் மாறி மாறி அங்கே மாட்டிக்கொள்கிறோம்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. அவர் பட்டினி கிடக்க மாட்டார். கிடந்தாலும் பசி எடுக்கும், அப்போது எழுந்திருப்பார்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மாவிடம் முதலில் போய்ப் பேசினேன். என் அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. "உன் அண்ணன் அவ்வளவு அன்பா பேசினாரே, நான் நம்பிட்டேன்" என்றார். பிறகு ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

"எங்க போற?"

"என் ரூமுக்கு."

"அது காலி பண்ணியாச்சே."

"மறுபடியும் எடுத்துட்டேன்."

"நான் என்ன தப்பு பண்ணேன்? உன் நல்லதுக்குத்தானே?"

"என்னைக் கேட்டீங்களா அண்ணா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அப்ப எனக்கு யாரு சமைப்பா?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அடுப்பு இருக்கு. மாவு இருக்கு. அண்ணி எனக்கு எழுதின பக்குவத்தை அலமாரிக் கதவுல எழுதி ஒட்டிட்டேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"எனக்கும் தெரியாமதான் வந்தேன்."

பிறகு என்ன செய்தார் தெரியுமா? மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். படியில் இறக்கும்போது, "சுவத்துல இடிக்காம, மெதுவா" என்று தள்ளுவண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி திருப்பம் தாண்டும்வரை வாசலில் நின்றார். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

பல் கூடத்தில் மறுபடி சேர்ந்துவிட்டேன். ஒரு பெரியவருக்கு மேல்வரிசை முடித்துக் கொடுத்தேன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் எல்லாம் முன்போலத்தான், ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனைக் கடைச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று மாவு வாங்கி வந்து, தாய்மாவெல்லாம் இல்லாமல் தட்டையாக உருட்டி, வாணலியில் சுட்டேன். நன்றாகவே வந்தது. யாரும் எதையும் சொல்லவில்லை, அதனால்கூட இருக்கலாம்.

அண்ணனுக்கு நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். அண்ணனை நான் பட்டினி போட்டுவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நாத்தனார்


மே 6

பல்லுக்காரிக்கு,

பட்டினி கிடக்கவில்லை. கேள்.

போன மாதக் கடைசியில் அவர் மறுபடி வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை குடை இல்லை. முன்கையில் பட்டையாக ஒரு தீக்காயம். என்னைக் கண்டதும் கிளம்பு என்று சொல்லவில்லை. "ரொட்டி வெளிய நல்லா இருக்கு, உள்ள பிசுபிசுங்குது. ஏன்?" என்றார்.

"சூட்டோட வெட்டினீங்களா?"

"ஆமா. பசிச்சுது."

"ஆறணும். ஆறும்போதும் உள்ள வெந்துக்கிட்டுதான் இருக்கும்."

"அப்படியா" என்றார். மனதுக்குள் குறித்துக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. நீ சொன்னாயா? சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான், "நடந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் தலையாட்டிவிட்டுப் போகாமல், "அப்படின்னா?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி சொன்னேன். விடியலில் விழிப்பு வருவதை, தாழ்வாரத்தை, கடைசி நிறுத்தத்தை. முழுக்கக் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரியா? வேற யாரையும் கூப்பிடல" என்றார்.

போனேன். இந்த ஞாயிறு.

பஸ்ஸில் மூன்று தடவையாவது இறங்கிவிடலாமா என்று எழுந்தேன். வீட்டு வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி நின்றேன். அவர் முன்கூடத்து நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பல்லுக்காரி, அந்த வீட்டில் நான் செய்த வேலைகளில் எல்லாம் கஷ்டமானது அதுதான். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. முழங்கால் எழுந்துவிட்டது, நான் பிடித்து அமுக்கினேன். பால் தீயும் வாசனை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். தீய்ந்தது. அவர் உள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பாத்திரத்தைச் சுரண்டினார். சுரண்டும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சூப், அவித்த முட்டை, ரொட்டி. எதிரே உட்காராமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "உப்பு பத்தல. நடுவுல வேகல" என்றேன்.

முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு எனக்கு வித்தியாசம் தெரியல. எல்லாருக்கும் முன்னால அது தெரிஞ்சுபோச்சு. அதான் கொட்டினேன். உன் மேல கோவம் இல்ல."

"கோவம் இருந்திருந்தா பரவால்ல" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அவர் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நான் போகவில்லை. நான் அழுதேனா என்று கேட்பாய். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்டிருக்காது.

கிளம்பும்போது, "வந்துருவியா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. இன்று காலையில் ஒன்று தோன்றுகிறது, மத்தியானம் வேறொன்று தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு ஷிஃப்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "சொல்லு. சொல்லாம இருந்துராதே" என்றார். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

அறைக்கு வந்து மேஜையில் வைத்தேன். இஸ்திரி அக்கா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டாள். "இது எந்தக் கடையில வாங்கின?"

"என் வீட்டுக்காரர் செஞ்சது."

சொல்லி முடித்தபோது அது யாரோ வேறொருத்தி பேசிய மாதிரி இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மென்று விழுங்கிவிட்டு, பசிக்கிறது என்று இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

அண்ணி